ராமநாதபுரம் கடலோரத்தில் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் சேவை: எது நன்று, எது சறுக்குகிறது, ஏன்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 110 சொச்சம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தை, ஊரில் எல்லோரும் இ.சி.எச்.எஸ். என்றே சொல்வதை, இந்தக் கடலோரத்தில் எடை போடுவதானால் இந்த இரண்டு தூரங்களை வைத்துத்தான் தொடங்க வேண்டும். தங்கச்சிமடத்துப் பென்ஷன்காரர் சர்க்கரை மாத்திரைக்கு ஒருமுறை திட்டத்தின் வெளிநோயாளி மருத்துவமனையான பாலிகிளினிக் வந்து திரும்பினால் பாதி நாள் போய்விடும். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு பாதி நாள். நிபுணரைப் பார்க்க மதுரைக்கு எழுதிக் கொடுத்தால் முழு நாளும் துணைக்கு ஒரு ஆளும். தொண்டிக்கும் சாயல்குடிக்கும் கிலோமீட்டர் மாறும், அலைச்சல் அதேதான்.

2003 ஏப்ரல் 1 முதல் நடக்கும் திட்டம் இது. ஓய்வு பெறும்போது ஒரே ஒருமுறை பங்களிப்புத் தொகை: ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ. எனும் சுபேதார் நிலையினருக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் பங்களிப்பு கிடையாது. அதற்குப் பிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுவதும், வருமான வரம்புக்குள் இருக்கும் பெற்றோருக்கும், நிபந்தனையோடு பிள்ளைகளுக்கும் மருத்துவம். தனியார் காப்பீடு எதையும் இதோடு ஒப்பிடவே தேவையில்லை. எழுபது வயதில், சர்க்கரையும் இதய நோயும் இருக்கும் ஒருவருக்கு, பிரீமியம் இல்லாமல், பழைய நோய் என்று தள்ளாமல் பார்க்கும் தனியார் காப்பீடு கிடையாது.

ஆகவே திட்டம் நல்லதா என்பது கேள்வியே இல்லை. ஒரே விதிப்புத்தகம், ஒரே மருந்துப் பட்டியல், ஏறக்குறைய ஒரே ஆள்பலம் இருந்தும் ஒரு பாலிகிளினிக் ஓடுகிறது, இன்னொன்று நொண்டுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் மூத்த மருத்துவ அதிகாரி தன் குழுவை எப்படி நடத்துகிறார் என்பதில் இருக்கிறது. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. குறிப்பிட்ட ஒரு பாலிகிளினிக்குக்கோ மருத்துவருக்கோ மதிப்பெண் போடுவது நோக்கமில்லை.

பாலிகிளினிக்கின் தலைவர் யார் என்று கேட்டால் ஆபீசர் இன் சார்ஜ் என்பார்கள், சுருக்கமாக ஓ.ஐ.சி. ஓய்வு பெற்ற படை அதிகாரி. ஆள், வண்டி, கட்டடம், கணக்கு எல்லாம் அவர் கையில். நோயாளி விஷயம் மருத்துவ அதிகாரி பொறுப்பு. இருவருமே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மருந்து வருவதோ தாய் ராணுவ மருத்துவமனையில் இருக்கும் சீனியர் எக்சிக்யூட்டிவ் மெடிக்கல் ஆபீசர் வழியாக. ஆளை நியமிக்கும் அதிகாரமும் மருத்துவருக்கு இல்லை, நினைத்த மருந்தை நினைத்த நேரத்தில் வாங்கும் அதிகாரமும் இல்லை. பலர் இங்கேயே கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் டோக்கன் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடம், ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலி, மருந்துத் தேவைப் பதிவேடு, பரிந்துரைச் சீட்டில் எழுதும் நான்கு வரி, தொலைபேசி ஆகிய ஐந்தும் அவர் கையில்தான் இருக்கின்றன. நோயாளிக்குக் கிடைக்கும் சேவையில் பாதிக்கு மேல் இந்த ஐந்தில் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனைகள் 2010இல் முதல்நிலை மருத்துவத்தை மாற்றி அமைத்தன. ஒரு மருத்துவர், ஒரு பதிவு பெற்ற செவிலியர், ஒரு உதவிச் செவிலியர், ஒரு எழுத்தர் என்று நால்வர் சிறு குழு. முழுநேர மருத்துவருக்குச் சுமார் 1,200 நோயாளிகள். இன்னார் இந்தக் குழுவின் பொறுப்பு என்று பெயர் பெயராகப் பட்டியல் இருக்கும், வராதவரைத் தேடிக் கூப்பிடுவதும் அந்தக் குழுவின் வேலை. நம் பாலிகிளினிக்குக்கு இதை அப்படியே தூக்கி வர முடியாது. அங்கே நிபுணரும் படுக்கையும் அவர்களுடைய மருத்துவமனையிலேயே உண்டு. இங்கே பாலிகிளினிக் தாண்டினால் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனை. ஆனால் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள காசு வேண்டாம். சர்க்கரை, அழுத்தம், சிறுநீரகம், மூச்சு என்று நான்கு நோட்டு. கடைசியாக வந்த தேதி, அடுத்து வர வேண்டிய தேதி. இரண்டு மாதமாக வராதவருக்கு எழுத்தர் ஒரு போன். இது நடக்கும் இடம் நன்றாக நடக்கிறது. நோட்டு இல்லாத இடத்தில் வருகிறவருக்கு மட்டும்தான் வைத்தியம், படுக்கையில் விழுந்தவர் யார் கணக்கிலும் வரமாட்டார்.

காலைக் கூட்டத்துக்கு வருவோம். நின்றபடியே பேச வேண்டிய பத்து நிமிடம் அது. உட்கார்ந்தால் நீண்டுவிடும். சிஸ்டர், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், எழுத்தர், மருத்துவர்கள். பேச வேண்டியவை: இன்று கையிருப்பில் இல்லாத மருந்து எது, அதற்கு மாற்றாக எதை எழுதுவது, நேற்று மதுரையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர் யார், நேற்றைய ரத்தப் பரிசோதனையில் பயமுறுத்தும் முடிவு ஏதும் உண்டா, ஆம்புலன்ஸ் வண்டி ஓடுமா. முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் எழுதுவார், கவுண்டரில் இல்லை என்பார்கள், தாத்தா திரும்பவும் வரிசையில் நிற்பார், மருத்துவர் அடித்து வேறொன்று எழுதுவார். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு இப்படி நடந்தால் டோக்கன் எப்படி நகரும்?

ரத்த அழுத்த நாற்காலி சின்ன விஷயம் போலத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து, டீ குடித்து, பீடி பிடித்து வந்தவரை நிற்க வைத்துச் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் 170 காட்டாமல் என்ன செய்யும். உடனே ஒரு மாத்திரை கூடும். வீட்டுக்குப் போனதும் தலைசுற்றி விழுவார். முறை இதுதான்: டீ, பீடி முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையின் காற்றுப்பை கைச் சுற்றளவில் எண்பது சதவீதத்தையாவது வளைக்க வேண்டும், சிறிய பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எழுத வேண்டும். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவரை எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அவருக்கு மாத்திரை கூட்டுவது ஆபத்து. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடும் முதியவர்கள் இங்கே ஏராளம், நிற்கும்போது அழுத்தம் இறங்குவது அவர்களிடம்தான் அதிகம். சிஸ்டருக்கு ஒரு தனி மேசை, இரண்டு அளவுப் பட்டை, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தால் முடிந்தது. மருத்துவரே எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று இருக்கும் இடத்தில் இது எதுவும் நடப்பதில்லை.

உப்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் இருக்கும் சாப்பாட்டுத் தட்டில் ஒரே வேளையில் அது முடிந்துவிடும். கருவாட்டையே விட்டுவிடுங்கள் என்று சொல்கிற மருத்துவர் இந்தக் கடலோரத்துக்குப் புதியவர். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், வாரம் ஒருமுறை என்று சொல்லிப் பார்த்தால் கேட்பார்கள்.

சேவையில் ஆகப் பலவீனமான இடம் மருந்துக் கவுண்டர். 'என்.ஏ.', அதாவது கையிருப்பில் இல்லை (நாட் அவைலபிள்), என்ற இரண்டெழுத்து எல்லோருக்கும் மனப்பாடம். பழியை மேலே தள்ளுவது எளிது, மேலேயும் தாமதம் உண்டுதான். ஆனால் பற்றாக்குறையில் ஒரு பகுதி பாலிகிளினிக்கிலேயே உற்பத்தியாகிறது. எப்படியென்றால், அடுத்த தவணைக்கான தேவையைப் போன மாதங்களில் கொடுத்த கணக்கை வைத்துப் போடுகிறார்கள். 200 பேர் தினம் ஒன்று சாப்பிடும் மாத்திரை என்றால் மாதம் 6,000 வேண்டும். இரண்டு மாதம் சரக்கே இல்லை என்றால் கொடுத்த கணக்கு பூஜ்யம். மூன்று மாதச் சராசரி எடுத்தால் 2,000 என்று வரும். அந்த 2,000ஐ எழுதி அனுப்பினால் வருவதும் 2,000தான், பத்து நாளில் தீரும், அடுத்த சராசரி இன்னும் இறங்கும். இல்லாமையே இல்லாமையைப் பெருக்குகிறது. இதற்கு மருந்து, கேட்டும் கொடுக்க முடியாமல் போனதையும் தனிப் பத்தியில் எழுதிவைப்பது. கொடுத்தது, கொடுக்காதது இரண்டையும் கூட்டி, மருந்து வந்து சேர எடுக்கும் மாதங்களால் பெருக்கி, மேலே ஒரு மாதக் கையிருப்பு. வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றால் மேலே சொன்ன மாத்திரைக்கு 24,000. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே, தீவுப் பகுதி நோயாளிகளுக்கான இருப்பைத் தனியாக எண்ணிவைப்பதும் இங்கே அவசியம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு பாம்பன் தாண்டி யாரும் மாத்திரைக்கு வரமாட்டார்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மருந்து இல்லை என்றால் வாய்மொழியோடு திரும்ப வேண்டாம். சீட்டில் என்.ஏ. முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரை இருந்தால்தான் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் மருந்துக்கடை வழியாகவோ, வெளியில் வாங்கிப் பணம் கோரியோ பெற முடியும். வழக்கமான மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே வந்துவிடுவது நல்லது, கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

இனி மஞ்சப்பை. மதுரை மருத்துவமனை டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு பிராண்ட் பெயர் எழுதும். பாலிகிளினிக் அதே மருந்தை வேறு பெயரில் கொடுக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலிலேயே அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வருகின்றன, அது நல்ல காரியம். ஆனால் மூன்று வழியில் வந்த மாத்திரைகள் ஒரே டப்பாவில் சேரும்போது, அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரை மூன்று பெயரில் மூன்று முறை உள்ளே போகிறது. கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்கிறது. முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபெனாக்கும் கூடுகிறது. டெல்மிசார்டான் போன்ற மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒருவர் வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். நம்மூர் வெயிலில் உடம்பில் நீர் வற்றிய நாளில் இன்னும் வேகமாக. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், மனைவியுடையது, சித்த மருந்து, கடை மருந்து உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லிப் பார்மசிஸ்ட் மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்றே ஒதுக்கும் குழு, அந்த வாரம் எழுதும் எல்லா மருந்தையும் விட அதிக நன்மை செய்திருக்கும் என்பது நம் கருத்து.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவை சில. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை புதிதாகத் தொடங்கினால் இரண்டு வாரத்துக்குள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறினால் மறுபரிசீலனை. சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் நிறுத்தம், 30க்கும் 45க்கும் இடையில் அளவு பாதி. வாந்தி, பேதி வந்த நாளில் மெட்பார்மின், நீர் மாத்திரை, டெல்மிசார்டான் மூன்றையும் நிறுத்தி வைத்து, சாப்பாடு சரியானதும் தொடர வேண்டும் என்பதைச் சீட்டின் பின்பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். பொட்டாசியம் 6ஐத் தொட்டாலோ ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனாலோ, டெக்னீஷியன் தாளை டிரேயில் போட்டுவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் நேரே வந்து சொல்ல வேண்டும், நோயாளிக்கு அன்றே போன் போக வேண்டும். அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்றால் அந்த அடுத்த முறை 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

பரிந்துரைச் சீட்டு. 'நிபுணர் கருத்துக்கும் சிகிச்சைக்கும்' என்று ஒரு வரி எழுதி அனுப்புவது பழக்கமாகிவிட்டது. அப்படிப் போன சீட்டுக்கு அங்கே முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும் நடக்கும். சில நேரம் தேவையில்லாத படுக்கையும் சேரும். நல்ல சீட்டில் நான்கு வரி இருக்கும்: என்ன நோய் என்று சந்தேகம், எவ்வளவு நாளாக; இப்போது சாப்பிடும் மருந்துகள் அளவோடு; கடைசி கிரியாட்டினின், சர்க்கரை, ஈ.சி.ஜி. முடிவு தேதியோடு; நாம் கேட்கும் கேள்வி. 'ஆஞ்சியோகிராம் வேண்டுமா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். போன இடத்தில் வேறொரு நோய் தெரிந்தால் அதற்கும் இதே சீட்டில் பார்த்துவிடலாம் என்று இருக்கக் கூடாது. சீட்டின் எல்லையைத் தாண்டிய சிகிச்சை பில் பரிசீலனையில் சிக்கும். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கு முன்அனுமதி வேண்டும். சீட்டின் கெடுவும், முதியவர்கள் சீட்டில்லாமல் நேரே நிபுணரைப் பார்க்கும் வயது வரம்பும் ஆணைக்கு ஆணை மாறுபவை, அறிவிப்புப் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை. அதை மருத்துவர் திணிக்கக் கூடாது, ஆம்புலன்ஸ் டிரைவர் திணிக்கவே கூடாது.

திரும்பி வரும் வழிதான் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் பாலிகிளினிக் வந்து டிஸ்சார்ஜ் தாளைக் காட்ட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுவதும், வராதவருக்கு எழுத்தர் போன் போடுவதும் செலவில்லாத காரியங்கள்.

அவசர சிகிச்சை பற்றி ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. நெஞ்சுவலி என்றதும் 'கார்டு செல்லும் ஆஸ்பத்திரி' தேடி மதுரைக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போக மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். மாரடைப்பில் ஆஞ்சியோபிளாஸ்டி 120 நிமிடத்துக்குள் கிடைக்க வழியில்லை என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு அப்புறம் கொண்டுபோவதே முறை. அந்த ஊசி முதல் 12 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் இரண்டு மூன்று மணியில் போட்டால்தான் முழுப் பலன். 108ஐ அழைத்து, ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கி, பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பக்கவாதம் என்றால் கணக்கு நாலரை மணி நேரம். அங்கே ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மூளையில் கசிவாக இருந்தால் கேடு.

திட்டமும் இதைத் தடுக்கவில்லை. உயிர் ஆபத்தில் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். அங்கீகாரம் இல்லாத இடமானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு அவசர நிலைச் சான்று, டிஸ்சார்ஜ் தாள், அசல் பில்கள், பணம் கட்டிய ரசீது, கார்டு நகல் வைத்துக் கோரலாம். கட்டியது முழுவதும் திரும்பாது, மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸுக்கு அரசு நிர்ணயித்த விகிதம்தான் கணக்கு. இந்த ஒரு பத்தியைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கார்டு கொடுக்கும்போதே கொடுக்கும் பாலிகிளினிக்குக்கு நாம் கூடுதல் மதிப்பெண் தருவோம். 48 மணி நேரம் தெரியாமல் கோரிக்கை தள்ளுபடியாவது அநியாயம், ஆனால் அது நடக்கிறது.

இன்சுலின் இந்தக் கடலோரத்துக்கே உரிய தலைவலி. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்ததை 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். மண்பானை நீரில் வைக்கும் முறை பரமக்குடி, கமுதி போன்ற வறண்ட ஊர்களில் நன்றாகக் குளிர்விக்கும். கடற்காற்றின் ஈரத்தில் பானை நீர் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் அதே பானை குறைவாகவே குளிரும். அங்கே பிரிட்ஜ் கதவுத் தட்டுதான் சரி. உறைபெட்டிக்குள் வைத்து உறைந்துபோனதை உருக்கினாலும் வீசி எறிய வேண்டியதுதான். பாலிகிளினிக்கிலிருந்து எடுத்துப்போகும்போது ஐஸைத் துணியில் சுற்றி, குப்பி ஐஸில் படாமல் பிளாஸ்க்கில் கொண்டுபோக வேண்டும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் மூச்சில் இழுக்கும் தூள் மருந்துக் குப்பியான ரோட்டாகேப்பும் ஈரத்தில் பிசுபிசுத்துக் கட்டியாகும். முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது.

பாதம் பார்க்காத சர்க்கரை வைத்தியம் பாதி வைத்தியம். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு பார்த்து, 10 கிராம் மோனோபிலமென்ட் இழையால் தொட்டு உணர்வு சோதிக்க இரண்டு நிமிடம் போதும். அதையும் சிஸ்டர் செய்யலாம். ஓய்வுக்குப் பின் வலைக்குப் போகிறவர்களும், கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பவர்களும் இங்கே உண்டு. திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், முக்கால் மணி நேரம் காலை வைப்பது வலிக்குக் கேட்கும். ஆனால் உணர்வு மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வேறொருவர் கையை விட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கடல்நீர் பட்ட காயம் சில மணி நேரத்தில் கறுத்துக் கொப்புளித்தால், அதுவும் சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு, பாலிகிளினிக் டோக்கனுக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை.

பேசத் தயங்கும் விஷயம் கேன்டீன் கோட்டா, அதாவது ராணுவக் கேன்டீனில் முன்னாள் படைவீரருக்குக் கிடைக்கும் மது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே குரலில், எடை கேட்பதுபோலக் கேட்டால் பதில் வரும். தனியாக ஒருவரை மட்டும் கேட்டால் கோபம்தான் வரும். தினமும் அதிகம் குடிப்பவரை இன்றோடு நிறுத்து என்று அனுப்புவது தவறு. முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளில் புத்தி பேதலிப்பும் வரலாம். தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து மருத்துவமனையில் வைத்து நிறுத்த வேண்டும். தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லை என்பவற்றை 'வயசாச்சு' என்று தள்ளிவிடாமல் கேட்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழில் பேசலாம், காசு இல்லை. காது மந்தமானவர்கள் பீரங்கிப் படையிலும் வண்டிப் பிரிவிலும் இருந்தவர்களில் அதிகம். 'சரி சார்' என்று தலையாட்டுவார்கள், ஒன்றும் விழுந்திருக்காது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க ஐயா என்று கேட்பது மட்டுமே வழி.

வரிசை விஷயத்தில் படைப் பழக்கம் உள்ளே வரும். சுபேதார் சாப் முன்னால் போவார், சிப்பாயின் விதவை பின்னால் நிற்பார். மூச்சிரைப்பவர், சக்கர நாற்காலியில் வந்தவர், மிக முதியவர், தூரத்துத் தீவுக்காரர் ஆகியோருக்கு முன்னுரிமை, ரேங்குக்கு இல்லை என்று மூத்த மருத்துவர் முதல் வாரத்திலேயே ஓ.ஐ.சி.யுடன் பேசி எழுதி ஒட்டிவிட்டால் பிறகு சண்டை வராது. விதவைகளுக்கு இன்னொரு தொல்லை, பென்ஷன் உத்தரவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். இனிஷியல், ஓரெழுத்து, பிறந்த தேதி எது வேறுபட்டாலும் திட்டத்தின் அடையாள அட்டையான 64 கே.பி. கார்டுக்கான விண்ணப்பம் நிற்கும். அதைப் பாலிகிளினிக் எழுத்தரால் திருத்த முடியாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, கணவரின் படைப்பிரிவு ஆவணக் காப்பகத்துக்கு எழுதித்தான் திருத்த வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். கணவர் இருக்கும்போதே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

பல் பிரிவு பொதுவாகக் குறை சொல்ல முடியாதது. சிறிய பாலிகிளினிக்குகளில் மகளிர் மருத்துவர் இருப்பதில்லை, வருகிறவர்களில் மனைவியரும் விதவைகளும் நிறையப் பேர் இருந்தும். கருப்பை வாய், மார்புப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையோடு ஒரு கிழமையைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. மருத்துவ அதிகாரியின் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு போடுவது. நல்லவர் போய்விட்டால் எல்லாம் போய்விடுகிறது என்று நோயாளிகள் சொல்வதில் நியாயம் உண்டு. நான்கு நோட்டு, தேவைப் பதிவேடு, காலைக் கூட்டத்தின் ஐந்து கேள்வி, ஆபத்தான ஆய்வக எண்களின் பட்டியல் ஆகியவை மருத்துவர் மண்டையில் இல்லாமல் சிஸ்டர் மேசை டிராயரில் இருந்தால், புதிதாக வருகிறவர் இரண்டாம் நாளே பிடித்துக்கொள்வார். புது மருத்துவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால், நோயாளிகள் முதல் வருகையில் மஞ்சப்பையையும், கடைசி டிஸ்சார்ஜ் தாளையும், ஒவ்வாமை உள்ள மருந்தின் பெயரையும் கொண்டுபோவது நல்லது. கிளம்புமுன் போன் செய்து, அன்று உங்கள் மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.